பல்பை எரித்துப் பார்க்கிறோம், மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்க்கிறோமா?

கடைக்குப் பல்பு வாங்க வருகிறவர் அதை எரித்துப் பார்க்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனதை எனது முப்பது வருட வியாபாரத்தில் நான் கண்டதில்லை. நமது பக்கத்துக் கடைகளில் மேசையின் ஓரத்தில் அதற்கென்றே ஒரு ஹோல்டர் பொருத்தியிருப்போம். சில நூறு ரூபா பெறுமதியான பல்பு அதில் பளிச்சென்று எரிந்த பிறகுதான் மீண்டும் பெட்டிக்குள் போகும். மின்விசிறி என்றால் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். வாட்டர் பம்ப் என்றால் அதன் சத்தத்தைக் கேட்டால்தான் திருப்தி. வத்தகப்பழத்தைக்கூடத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!

அதே மனிதர் அடுத்த வாரம் கல்முனை நகருக்குப் போகிறார். பல லட்சம் ரூபா பெறுமதியான புத்தம் புதிய மோட்டார் சைக்கிளின் நிறத்தைப் பார்க்கிறார், சீற்றில் ஒரு தடவை உட்கார்ந்து எழும்புகிறார், மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறார், காட்டிய இடத்திலெல்லாம் ஒப்பமிடுகிறார். அந்த வாகனத்தை அவர் முதன்முதலாக ஓட்டுவது வீட்டுக்குக் கொண்டு வரும்போதுதான். பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.

பிறரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எரித்துப் பார்க்காமல் பல்பு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

2018 ஆம் ஆண்டு எனது மகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. பாடசாலை கிட்டங்கிக்கு அப்பால். நற்பிட்டிமுனையிலிருந்து சேனைக்குடியிருப்பு வழியாகக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைப் பக்கம் தினமும் போய் வர வேண்டும். பஸ்ஸை நம்பினால் மணியடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். ஆகவே ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுப்போம் என்று நானும் மருமகனும் கிளம்பினோம். ஓட்டப்போகிற பிள்ளையை அழைத்துச் செல்லவில்லை என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. கடையில் நின்ற தம்பியிடம், "இதக் கொஞ்சம் ஓட்டிப் பாக்கலாமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "என்ன காக்கா, புதுச் சாமான், ஓட்டிப் பாக்கிறதுக்கு என்ன இரிக்கி?" என்றார் அவர். நானும் சிரித்துக்கொண்டு பேனையை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மகளுக்கு இரண்டு காலும் நிலத்தில் எட்டவில்லை. நுனிவிரல்தான் படுகிறது. தார் வீதியில் எப்படியோ சமாளித்தாள். கிட்டங்கியில் எதிரே உழவு இயந்திரம் வரும்போது ஓரத்தில் ஒதுங்கி நிறுத்த முடியாமல் இரண்டு தடவை சரிந்தாள். அல்ஹம்துலில்லாஹ், பெரிய காயம் ஏதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்கூட்டரைத் தொடவே பயந்தாள். நான்கு மாதத்தில் நட்டத்துக்கு விற்றோம். (அதை இன்னும் இரண்டு மூன்று வருடம் போர்த்தி வைத்திருந்தால் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றிருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படும் என்று யார் கண்டது!)

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சாமான் புதுசுதான், பழுது ஏதும் இருக்கவில்லை. எனது மகளின் உயரத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். இந்த இடத்தைத்தான் நாம் விளங்கிக்கொள்ளத் தவறுகிறோம். ஓட்டிப் பார்ப்பது பழுதைத் தேடுவதற்கு என்று நினைக்கிறோம். அதனால்தான் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது மட்டும் அவ்வளவு கவனம். ஒரு காலத்தில் ஜப்பானிலிருந்து பாவித்து வந்த எம்.டி. 90 வாங்குவதென்றால் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவோம். அவர் மருதமுனை வரை ஓட்டிப் பார்த்து, புகையின் நிறத்தைப் பார்த்து, செயினை ஆட்டிப் பார்த்துத்தான் தலையசைப்பார். புதுசு என்றவுடன் அந்தக் கவனமெல்லாம் எங்கோ போய்விடுகிறது. வாகனம் புதுசாக இருக்கலாம், ஓட்டுகிற ஆளின் காலும் முதுகும் பழையதுதானே?

கடைக்காரர் பக்கத்து நியாயம்

நானும் ஒரு கடைக்காரன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விற்பனைக்கு நிற்கிற புதிய மோட்டார் சைக்கிளைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஓட்டக் கொடுக்க எந்த விற்பனையாளராலும் முடியாது. முதலாவது தடை சட்டம். பதிவில்லாத, காப்புறுதியில்லாத, வருமான அனுமதிப்பத்திரம் இல்லாத வாகனத்தைப் பொது வீதியில் இறக்கினால் பொலிஸார் பிடிப்பார்கள். அதைவிட, யாரையாவது மோதிவிட்டால் நட்டஈட்டை யார் கட்டுவது?

இரண்டாவது, புதிய எஞ்சினை முதல் சில நூறு கிலோமீற்றர் பக்குவமாக ஓட வேண்டும் என்று எல்லாக் கம்பனிகளும் கைநூலில் எழுதியிருக்கின்றன. பத்து இளைஞர்கள் பத்து விதமாக முறுக்கிப் பார்த்த வாகனத்தை நீங்கள் வாங்குவீர்களா? மீற்றரில் முப்பது கிலோமீற்றர் ஓடியிருப்பதைக் கண்டால் "இது யாரோ பாவிச்சது" என்று விலை குறைக்கச் சொல்லும் முதல் ஆளும் நாமாகத்தான் இருப்போம்.

ஆகவே கேட்க வேண்டியது விற்பனைக்கு நிற்கிற வாகனத்தை அல்ல. பதிவு செய்து, இலக்கத் தகடு போட்டு, காப்புறுதியுடன், ஓட்டிக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கும் வாகனத்தைத்தான். 'டெமோ பைக்' என்று சொன்னால் எந்த ஷோரூமிலும் விளங்கும். பெரிய ஏஜென்சிகளின் கிளைகளில் அது இருக்க வாய்ப்பு அதிகம். சிறிய முகவர் கடைகளில் இருப்பது அரிது, அதற்கும் காரணம் இருக்கிறது. அவர் நிறுத்தி வைத்திருக்கும் நாலைந்து வாகனங்களே கடனுக்கு எடுத்தவையாக இருக்கும். அதில் ஒன்றைப் பதிவு செய்து ஓட்டத்துக்கு விட்டால் அது அன்றே பழைய வாகனமாகிவிடும். அந்த நட்டத்தை அவர் தலையில் கட்ட முடியாது. எனினும் மேலிடத்து ஏஜென்சியிடம் அவர் ஒரு வாகனம் கேட்டு வாங்கலாம். வாடிக்கையாளர் யாரும் கேட்காதபோது அவர் ஏன் கேட்கப்போகிறார்? எனது கடையில் பல்பு ஹோல்டர் எனது தாராள மனதால் வந்ததல்ல. சனங்கள் கேட்டுக் கேட்டு வந்தது.

முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கல்முனையில் இல்லாவிட்டால் அக்கரைப்பற்றில் இருக்கலாம், அங்கும் இல்லாவிட்டால் மட்டக்களப்பில். ஐந்து வருடம் ஓடப்போகிற வாகனத்துக்காக ஒரு நாள் மட்டக்களப்புக்குப் போய் வருவது பெரிய செலவா? சாரதி அனுமதிப்பத்திரத்தையும் ஹெல்மெட்டையும் மறக்க வேண்டாம். 100 சீ.சீ.க்கு மேற்பட்ட எதற்கும் 'ஏ' வகுப்பு அனுமதி வேண்டும். 'ஏ1' மட்டும் உள்ளவர்கள் 110, 125 ஸ்கூட்டர்களை டெமோவாகக்கூட வீதியில் ஓட்டக் கூடாது. நமது சகோதரிகள் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கிறது.

எங்கே, எப்படி ஓட்டுவது?

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டமடித்துவிட்டு இறங்குவதில் பயனில்லை. கடையின் முன்னாலுள்ள தார் வீதியில் எல்லா வாகனமும் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் தினமும் போகிற பாதை எதுவோ அதைப் போன்ற பாதையில் ஓட்ட வேண்டும். சாய்ந்தமருது கடற்கரைப் பக்கத்து மணல் ஒழுங்கையில் வீடு இருப்பவர் மணலில் திருப்பிப் பார்க்க வேண்டும். வயலுக்குப் போகிறவர் கிறவல் பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர் தனியாகவும் ஓட்டக் கூடாது. பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நாளைக்கு அதே இடத்தில் ஐம்பது கிலோ உர மூட்டை இருக்கப்போகிறது. தனியாக ஓட்டும்போது பறக்கிற வாகனம், பாரம் ஏறியதும் பின்சக்கரம் மட்கார்டில் உரசுகிறதா, மேட்டில் மூச்சு வாங்குகிறதா, பிரேக் பிடித்தால் எங்கே போய் நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

உயரத்தைப் பற்றி எனது சொந்த அனுபவத்தைச் சொல்லிவிட்டேன். அதற்குக் கணக்கும் இருக்கிறது. ஹோண்டா டியோவின் இருக்கை நிலத்திலிருந்து 765 மில்லிமீற்றர். யமஹா ரே இசட்.ஆர். 785. யமஹா எப்.இசட். 790. கடதாசியில் பார்த்தால் இருபது மில்லிமீற்றர் ஒரு விரலின் அகலம்தான். ஆனால் ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்குக் குதிகால் படுவதற்கும் நுனிவிரல் படுவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த ஒரு விரல்தான். அதிலும் சீற்றின் அகலம் கடதாசியில் இருக்காது. உயரம் குறைந்த வாகனத்தில்கூடச் சீற் அகலமாக இருந்தால் கால் விரிந்து எட்டாமல் போகும். பாரமும் அப்படித்தான். ஹீரோ ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, பஜாஜ் பல்சர் 150 சுமார் 145 கிலோ. ஓடும்போது இந்த முப்பது கிலோ தெரியாது. இரவில் வீட்டுப் படியேற்றி உள்ளே தள்ளி வைக்கும்போது அறுபது வயதுக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இறங்கி நின்று கொஞ்சத் தூரம் தள்ளியும் பாருங்கள், ஸ்டாண்டில் போட்டும் பாருங்கள்.

பெண்களுக்காக ஒரு விடயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த உடையில் தினமும் போவீர்களோ அந்த உடையிலேயே போய் ஓட்டிப் பாருங்கள். அபாயாவோ சாரியோ காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கி விழுந்த சம்பவங்களை நாம் கேள்விப்படாமலில்லை. கால் வைக்கும் தட்டு அகலமாக இருக்கிறதா, உட்கார்ந்த பிறகு உடையை மடித்து ஒதுக்க இடமிருக்கிறதா, பின்னால் இருப்பவரின் உடைக்குச் சக்கரத்தின் பக்கம் தடுப்பு இருக்கிறதா என்பதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

ஹோர்ன், விளக்கு, கண்ணாடி இவற்றையெல்லாம் யாரும் பார்ப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

டெமோ எங்குமே கிடைக்கவில்லை என்றால் அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. பள்ளிவாசல் முன்னால் ஜும்ஆ நாளில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தால் நமது ஊரில் இல்லாத மாடல் உண்டா? ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மச்சானிடம் இருப்பது 2018 ஆம் ஆண்டு வாகனமாகவும் நீங்கள் வாங்கப்போவது இன்றைய வாகனமாகவும் இருந்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம். கார்புரேட்டர் இருந்த இடத்தில் எஃப்.ஐ. வந்திருக்கும், பிரேக் முறை மாறியிருக்கும், சீற்றும் மாறியிருக்கும். மச்சானின் வாகனத்தை ஓட்டினால் உயரமும் பாரமும் ஓரளவு தெரியும். மற்றவற்றைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

முற்பணத்தில்தான் பிடி இருக்கிறது

2025 பெப்ரவரியில் இறக்குமதிக் கதவு மீண்டும் திறந்த பிறகு, ஐந்து வருடம் காத்திருந்த சனங்கள் முண்டியடித்துக்கொண்டு முற்பணம் கட்டினார்கள். வாகனம் கப்பலில் வரும் முன்னரே கட்டியவர்களும் உண்டு. இப்படியொரு காட்சியை உலகம் இதற்கு முன்னரும் கண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை அமைத்த ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம் 2021 ஜூலையில் 499 இந்திய ரூபாவுக்கு மின்சார ஸ்கூட்டர் முன்பதிவைத் திறந்தது. முதல் 24 மணித்தியாலத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். செப்டெம்பரில் இரண்டே நாளில் 1,100 கோடி ரூபாவுக்கு மேல் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. சனங்கள் ஓட்டிப் பார்க்க ஸ்கூட்டர் கிடைத்ததோ நவம்பரில்தான்! அங்கும் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. முற்பணம் மட்டும் முதலில், மீதியை ஓட்டிப் பார்த்த பிறகு கட்டலாம் என்று வைத்திருந்தார்கள்.

அதே நிறுவனத்தின் மீது 2023 செப்டெம்பர் முதல் ஒரு வருடத்துக்குள் இந்தியாவின் தேசிய நுகர்வோர் உதவிச் சேவைக்கு 10,644 முறைப்பாடுகள் போயின என்றும், 2024 ஒக்டோபரில் அரசு விளக்கம் கேட்டது என்றும் செய்தி வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், ஓட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாரும் எண்ணக் கூடாது என்பதுதான். உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை அரை மணித்தியால ஓட்டம் சொல்லும். இரண்டு வருடத்துக்குப் பிறகு உதிரிப்பாகம் கிடைக்குமா, சேர்விஸ் நிலையத்தில் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அதற்கு அந்த மாடலை வைத்திருப்பவரையும் ஊர் மெக்கானிக்கையும்தான் கேட்க வேண்டும்.

முற்பணம் கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். "ஓட்டிப் பார்த்த பின் வாங்குபவர் விரும்பாவிட்டால் முற்பணம் முழுமையாகத் திருப்பித் தரப்படும்" என்றால் போதும். இது புதுமையான கோரிக்கையல்ல. நமது மார்க்கச் சட்ட நூல்களில் வியாபாரத்துக்குக் 'கியார்' என்றொரு தனிப் பாடமே இருக்கிறது. பேசி முடித்த பின்னும் கொள்வதா விடுவதா என்று தீர்மானிக்க இரு தரப்பும் நிபந்தனை வைத்துக்கொள்ளலாம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அதற்கு மூன்று நாள் வரை இடமுண்டு. மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பும் உரிமை அதற்கு வேறாக இருக்கிறது. நாட்டுச் சட்டத்திலும் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வாங்குபவருக்குப் பொருளைப் பரிசோதிக்க நியாயமான சந்தர்ப்பம் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைத்தும் பார்த்தால் தெரிந்திருக்கக் கூடிய குறைக்குப் பிறகு வழக்காடுவது கடினம்.

முற்பணத்தோடு நின்றால் பிடி நமது கையில். லீசிங் பத்திரத்தில் ஒப்பமிட்டு, வாகனம் நமது பெயரில் பதிவாகிவிட்டால் பிடி போய்விடும். விற்றவருடன் எவ்வளவு பிணக்கு இருந்தாலும் லீசிங் கம்பனிக்குத் தவணை திகதி தவறாமல் போக வேண்டும். புத்தகத்தில் முதல் உரிமை அவர்களுக்குத்தான்.

வாகனத்தைப் பொறுப்பேற்கும் நாளில், உங்களுக்குத் தரப்போகும் அதே வாகனத்தை ஸ்டார்ட் செய்து கடை வளவுக்குள்ளேயே ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3024 என்றால் 2024 ஆம் ஆண்டின் 30 ஆவது வாரத்தில் செய்தது. களஞ்சியத்தில் நெடுநாள் கிடந்த வாகனத்தை அது காட்டிக்கொடுக்கும். உத்தரவாதத்துக்கு மாறாக ஏதும் நடந்தால், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அந்த வழியைத் தருகிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். "பாப்போம், பாப்போம்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி மூன்று மாதத்தைக் கடத்திவிட வேண்டாம்.

2025 பிற்பகுதியில் மகள் மீண்டும் ஒரு ஸ்கூட்டர் வேண்டும் என்றாள். இந்தத் தடவை அவளே முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். வேறொரு கடை. இலக்கத் தகடு போட்ட டெமோ நின்றது. கடைத் தம்பி எனது மோட்டார் சைக்கிள் சாவியையும் மகளின் லைசன்ஸின் பிரதியையும் வாங்கி வைத்துக்கொண்டு சாவியைத் தந்தார். அது நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். மகன் பின்னால் ஏறிக்கொண்டான். இருவரும் நற்பிட்டிமுனை வழியாகக் கிட்டங்கி வரை போய் முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார்கள். அதற்குள் எனக்கு இரண்டு பிளேன்டீ வந்துவிட்டது. விலையையும் நான் பேசி முடித்துவிட்டேன், நிறமும் எனக்குப் பிடித்துவிட்டது.

மகள் ஸ்டாண்டைப் போட்டு இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"இது வேணாம் வாப்பா. நிறுத்தினா கால் எட்டுது, ஆனா தம்பி ஏறினதும் முன்பக்கம் இலேசாகுது. அந்த மற்றதையும் ஓட்டிப் பாக்கணும்."

கடைத் தம்பி எனது முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மற்றதன் சாவியை எடுத்து வந்தார்.